படிப்பு மேசையில் கைபேசி: கவனம் தாவும்போது நினைவுக்கு என்ன ஆகிறது?

பள்ளிகளில் கைபேசிக்குத் தடை என்ற செய்தி கடந்த சில ஆண்டுகளாக நாடு நாடாக வந்துகொண்டிருக்கிறது. பிரான்ஸ் 2018-இலேயே சட்டம் போட்டது. நெதர்லாந்து 2024 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளில் கைபேசியை அனுமதிப்பதில்லை. பிரேசில் 2025 ஜனவரியில் சட்டம் இயற்றியது. தென்கொரியாவின் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, அது 2026 மார்ச் முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது.

இதே காலத்தில் வேறொரு வகைச் செய்தியும் வருகிறது. தடை போட்டும் மதிப்பெண் உயரவில்லை என்கிறது ஓர் ஆய்வு. உயர்ந்தது என்கிறது இன்னொன்று. கைபேசி பையில் இருந்தாலே மூளை மங்கிவிடும் என்கிறது மூன்றாவது. அதைத் திரும்பச் செய்து பார்த்தோம், அப்படி எதுவும் தெரியவில்லை என்கிறது நான்காவது. இதையெல்லாம் படிக்கும் பெற்றோருக்குக் குழப்பம்தான் மிச்சம். வீட்டில் பிள்ளையோ, "எனக்கு ரெண்டும் சேர்ந்தே ஓடும், பழகிருச்சு" என்கிறது.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாக நினைத்துக்கொள்வது:

1. படிக்கும்போது கவனம் பல இடங்களுக்குத் தாவினால் கற்றலுக்கு என்ன ஆகும்?
2. பயன்படுத்தாமல் சும்மா பக்கத்தில் வைத்திருந்தாலும் கைபேசி கெடுக்குமா?
3. பள்ளி தடை போட்டால் பலன் உண்டா?

முதல் கேள்விக்கான விடை பெருமளவு உறுதியானது. ஏறக்குறைய நூறாண்டு ஆய்வுகள் அதன் பின்னால் நிற்கின்றன. இரண்டாவதில் இன்னும் விவாதம் நடக்கிறது. மூன்றாவதன் விடை, எதை அளக்கிறோம், எங்கே அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. முதல் கேள்வியைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டிலும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

மல்டிடாஸ்கிங்: கணினியிடமிருந்து வந்த சொல்

மல்டிடாஸ்கிங் என்ற சொல் மனிதர்களுக்காகப் பிறந்ததல்ல. 1960-களில் பெரிய கணினிகளைப் பற்றிப் பேசுவதற்காக உருவானது. கணக்கிடும் பகுதியான செயலி ஒன்று மட்டுமே இருந்த அந்தக் கணினிகளும் பல நிரல்களை ஒரே சமயத்தில் ஓட்டுவதுபோலத் தோன்றின. உண்மையில் அவை ஒரு நிரலைக் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, அடுத்ததற்குத் தாவி, மீண்டும் முதலாவதற்கு வந்துகொண்டிருந்தன. தாவுவது வேகமாக நடந்ததால் எல்லாம் சேர்ந்து ஓடுவதாகக் கண்ணுக்குப் பட்டது.

ஆனால் கணினியிடம் ஓர் ஒழுக்கம் உண்டு. ஒரு வேலையை நிறுத்தும்போது, எந்த வரியில் நின்றோம், எந்தக் கணக்கு பாதியில் இருக்கிறது என்ற விவரம் முழுவதையும் நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் அது போகும். திரும்பி வரும்போது அந்தக் குறிப்பை எடுத்து, விட்ட இடத்திலிருந்து ஒரு புள்ளி பிசகாமல் தொடங்கும். மனித மூளையும் தாவுகிறது. எழுதிவைத்துவிட்டுப் போகும் அந்த ஏற்பாடுதான் அதனிடம் இல்லை. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் விளைவுகள் என்றே சொல்லலாம்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நடந்துகொண்டே பேசுவதும், பாடம் படித்துக்கொண்டே செய்திக்குப் பதில் எழுதுவதும் ஒன்றல்ல. நடை, நமக்குத் தானாக வருவது. அதற்குக் கவனம் ஏறக்குறைய தேவையில்லை. படிப்பதும் பதில் எழுதுவதும் அப்படியல்ல. இரண்டுக்குமே சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும், பொருளை யோசிக்க வேண்டும். ஒரே கருவியைக் கேட்டு இரண்டு பேர் கை நீட்டுவது போன்ற நிலை அது. ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். வரிகள் இல்லாத இசையைவிட, பாட்டு வரிகள் படிப்பைக் கூடுதலாகக் குலைப்பதற்கும் இதுவே காரணம்: காதில் விழும் சொற்களும் கண் படிக்கும் சொற்களும் ஒரே இடத்துக்காகப் போட்டியிடுகின்றன.

குறுகலான வாசல்

கவனத்துக்கு எல்லை உண்டு என்பதைச் சோதனையில் காட்டியவர்களில் முக்கியமானவர் காலின் செர்ரி. 1953-இல் அவர், ஒருவரின் இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் இரண்டு வேறு பேச்சுகளை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் கவனித்து உரக்கத் திருப்பிச் சொல்லச் செய்தார். கவனித்த பேச்சு சரியாக வந்தது. மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்று கேட்டபோது, ஏதோ ஒரு குரல் கேட்டது என்பதைத் தாண்டி அநேகமாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஒலி காதுக்குள் போனது; பொருள் மனத்துக்குள் போகவில்லை.

இதற்கு அடுத்த எல்லை, செயல்நினைவு. ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் மனம் கையில் பிடித்துவைத்திருக்கும் தகவலுக்குச் செயல்நினைவு என்று பெயர். இதில் ஏறத்தாழ ஏழு துண்டுகள் அடங்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பிற்காலச் சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த நெல்சன் கோவன் 2001-இல் அந்த எண்ணை நான்கு என்ற அளவுக்குக் குறைத்தார்.

நான்கு என்பது எவ்வளவு சிறிய இடம் என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டு மாறிகள் உள்ள சமன்பாட்டைத் தீர்க்கும் மாணவி, முதல் சமன்பாட்டை எதால் பெருக்கினோம், எதைக் கழிக்கப் போகிறோம், குறி மாறுமா, கடைசியில் எந்த மாறியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான்கையும் மனத்தில் பிடித்திருக்கிறாள். இடம் நிரம்பிவிட்டது. அப்போது கைபேசி ஒலிக்கிறது. யார் அனுப்பினார்கள் என்ற கேள்வி உள்ளே நுழைய வேண்டுமானால், இருப்பதில் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும். பெரும்பாலும் குறிதான் போகும். விடை தப்பாகும்போது, "எனக்குக் கணக்கு வராது" என்று அவள் முடிவு கட்டிக்கொள்கிறாள். இந்த விஷயத்தில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். போனது இடம், அவளோ தன் திறமையைக் குறை சொல்லிக்கொள்கிறாள்.

தாவுவதற்கு மூன்று விலை

1927-இலேயே ஆர்தர் ஜெர்சில்ட் என்ற உளவியலாளர், ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து போடுவதைவிட, இரண்டு வகைகளை மாற்றி மாற்றிப் போடுவதற்கு நேரம் கூடுதலாகிறது என்று அளந்து காட்டினார். கணினியும் கைபேசியும் இல்லாத காலத்துச் சோதனை அது. தாவுவதற்கு விலை உண்டு என்பது திரையோடு வந்த பிரச்சினை அல்ல. திரை அந்த விலையை அடிக்கடி கொடுக்கவைக்கிறது, அவ்வளவே.

அந்த விலை மூன்று வழிகளில் போகிறது.

1. மாற்றச் செலவு. ஒரு வேலையின் விதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததன் விதிகளை மனம் எடுத்துக்கொள்ள ஆகும் நேரம் இது. ரோஜர்ஸ், மான்செல் ஆகிய இருவரும் 1995-இல் செய்த சோதனைகளில், எப்போது மாறப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு ஆயத்தமாகப் போதிய நேரம் கொடுத்தபோதும் இந்தச் செலவு குறைந்ததே தவிர மறையவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இது ஒரு பதில்.

2. கவன எச்சம். சோஃபி லெராய் 2009-இல் கொடுத்த பெயர் இது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது, மனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது. நண்பருடன் பாதியில் நின்ற உரையாடல் ஒன்று, கைபேசியைக் கவிழ்த்துவைத்த பிறகும் பாடத்தின் வரிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான்.

3. விட்ட இடத்தைத் தேடுதல். பத்தியை மறுபடி மேலிருந்து படிப்பது, கணக்கை முதல் வரியிலிருந்து பார்ப்பது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பாடம் படித்துக்கொண்டே உடனடிச் செய்திகளுக்குப் பதில் அனுப்பிய கல்லூரி மாணவர்கள், பதில் எழுதிய நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மற்றவர்களைவிட அதே பகுதியைப் படிக்கக் கணிசமான நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த 2010 ஆய்வில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. படித்து முடித்தபின் வைத்த தேர்வில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்தார்கள். நேரத்துக்கு வரம்பு இல்லாவிட்டால், பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படித்து மாணவர்கள் இழப்பை ஈடுகட்டிவிட முடியும் என்று இதற்குப் பொருள். வகுப்பில் ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. சொன்ன வாக்கியம் போனால் போனதுதான்.

நேரம் மட்டுமா போகிறது?

மேலே சொன்னதெல்லாம் நேரக் கணக்கு. அதோடு நின்றால் பெரிய கவலை இல்லை. ஒரு மணி நேரப் பாடத்தை ஒன்றரை மணி நேரம் படித்தால் போதும் என்று விட்டுவிடலாம். 2006-இல் ஃபோர்ட், நோல்ட்டன், போல்ட்ராக் ஆகியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைவிட ஆழமான ஓர் இழப்பைக் காட்டியது. இந்தத் துறையில் ஒரே ஓர் ஆய்வை விளக்கினால் போதும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சோதனை இப்படி. திரையில் வடிவங்கள் அச்சிட்ட அட்டைகள் வரும். அவற்றைப் பார்த்து, மழையா வெயிலா என்று கணிக்க வேண்டும். எந்த அட்டைக்கு எது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். செய்து செய்து கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பகுதியை முழுக் கவனத்தோடு கற்றார்கள். மற்றொரு பகுதியைக் கற்கும்போது, காதில் விழும் ஒலிகளில் உயர்ந்த சுருதியில் வரும் ஒலிகளை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். மூளையின் செயல்பாட்டை ஸ்கேன் எடுத்தார்கள்.

முடிவு வியப்பானது. கணிப்பதில் இரண்டு பகுதிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒலிகளை எண்ணிக்கொண்டு கற்றதிலும் சரியாகவே கணித்தார்கள். ஆனால் அட்டைகளைப் பற்றி வேறு விதமாகக் கேள்வி கேட்டபோது, கவனம் பிரிந்த நிலையில் கற்றதைப் பற்றி அவர்களால் குறைவாகவே சொல்ல முடிந்தது. செய்யத் தெரிந்தது; எடுத்துச் சொல்லவோ புதிய கேள்விக்குப் பொருத்தவோ தெரியவில்லை.

ஸ்கேன் இதற்கு விளக்கம் தந்தது. முழுக் கவனத்தோடு கற்றபோது அந்த அறிவு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியோடு தொடர்பு காட்டியது. நிகழ்வுகளையும் கருத்துகளையும் ஒன்றோடொன்று இணைத்து, பிற்பாடு பல வழிகளில் எடுத்துப் பயன்படுத்தும்படி சேமிக்க உதவும் பகுதி அது. கவனம் பிரிந்தபோது, பழக்கங்களைக் கற்க உதவும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் பங்கு மேலோங்கியது. பழக்கமாகக் கற்றது பயனற்றது என்றில்லை. சைக்கிள் ஓட்டுவது அப்படிக் கற்றதுதான். ஆனால் அது கற்ற சூழலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கேள்வி கொஞ்சம் திரும்பினால் நின்றுவிடும்.

சிலரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுக்கூடச் சோதனை இது என்பதால், வகுப்பறைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. என்றாலும் ஆசிரியர்கள் நாள்தோறும் பார்க்கும் ஒன்றை இது விளங்கவைக்கிறது: பாடப்புத்தகத்தில் இருந்த கணக்கை அப்படியே கொடுத்தால் போட்டுவிடுகிறான், எண்ணையும் சூழலையும் மாற்றிக் கொடுத்தால் திகைத்து நிற்கிறான். இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பிளவுபட்ட கவனத்தோடு படித்தது அவற்றில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

படிப்பவருக்கு ஏன் தெரிவதில்லை?

"எனக்குப் பழகிவிட்டது" என்று சொல்லும் மாணவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது.

2011-இல் பிரேசல், கிப்ஸ் என்ற இருவர், தொலைக்காட்சியும் கணினியும் உள்ள அறையில் மக்களை உட்காரவைத்து அவர்களின் பார்வை எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். 27.5 நிமிடத்தில் சராசரியாக 120 முறை பார்வை இங்கும் அங்கும் தாவியது. எத்தனை முறை தாவினீர்கள் என்று அவர்களையே கேட்டால், அரை மணி நேரத்துக்குப் பதினைந்து முறை என்ற அளவில்தான் சொன்னார்கள். தாவுகிற கணம் நினைவில் தங்குவதில்லை. ஆகவே அதை எண்ணவும் முடிவதில்லை.

திறமை பற்றிய மதிப்பீடும் இப்படியே. சான்பொன்மட்சு குழுவினர் 2013-இல் 310 கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், அதிகமாகப் பலவேலை செய்பவர்களே அதைச் சோதனையில் மோசமாகச் செய்தார்கள். தங்களுக்கு அது நன்றாக வரும் என்று நம்பியதும் அவர்களே. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. வாட்சன், ஸ்ட்ரேயர் ஆகியோர் 2010-இல் 200 பேரைச் சோதித்தபோது, 2.5 சதவீதத்தினர், அதாவது ஐந்து பேர், இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தும் எதிலும் குறையாமல் செய்தார்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். தான் அவர்களில் ஒருவர் என்று நினைப்பவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு.

இங்கே தமிழ் வாசகருக்கு அவதானிகளின் நினைவு வரலாம். எட்டு, பதினாறு, நூறு என்று பல செயல்களை ஒருசேர நடத்திக்காட்டிய கவனகர்கள் இருந்தார்களே? இருந்தார்கள். ஆனால் அங்கே நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியே முழுக் கவனத்தோடு வாங்கி, நினைவில் இருத்தி, உரிய நேரத்தில் எடுத்துக்கொடுக்கும் கலை அது என்பது தெரியும். ஆண்டுக்கணக்கான பயிற்சியால், கணினி எழுதிவைப்பதுபோல, விட்ட இடத்தை மனத்தில் எழுதிவைக்கக் கற்றவர்கள் அவர்கள். கவனத்தைச் சிதறவிட்டவர்கள் அல்லர்.

தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கத்தை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் அது பரிச்சயமாகிவிடும். பரிச்சயம், தெரிந்த உணர்வைத் தரும். புத்தகம் திறந்திருக்கும்வரை இந்த உணர்வு பொய்யென்று தெரிவதில்லை. தேர்வுத் தாளின் முன் உட்கார்ந்து, பார்த்த பக்கத்தின் இடம்கூட ஞாபகம் வந்து, எழுதியிருந்தது மட்டும் வராமல் போகும்போதுதான் தெரியும். இழப்பு நடந்த நாளுக்கும் அது வெளிப்படும் நாளுக்கும் இடையே வாரங்கள் ஓடியிருக்கும். காரணத்தையும் விளைவையும் மாணவரால் எப்படி இணைத்துப் பார்க்க முடியும்?

வகுப்பறையில் அளந்தது

ஆய்வுக்கூடத்தை விட்டு வகுப்புக்கு வருவோம்.

2013-இல் கனடாவில் ஃபாரியா சானாவும் சக ஆய்வாளர்களும் ஒரு விரிவுரையின்போது, மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்களில் பாதிப் பேருக்கு, பாடத்துக்குத் தொடர்பில்லாத சில இணைய வேலைகளையும் இடையிடையே செய்யச் சொன்னார்கள். அதே விரிவுரையில் வைத்த தேர்வில், அவர்கள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 11 புள்ளிகள் குறைவாக எடுத்தார்கள். எதிர்பார்த்ததுதான். இரண்டாவது சோதனை எதிர்பாராதது: தாளும் பேனாவும் மட்டும் வைத்திருந்த மாணவர்களில் சிலரை, மடிக்கணினியில் வேறு வேலை பார்ப்பவர்களின் திரை கண்ணில் படும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அவர்கள் 17 புள்ளிகள் குறைவாக எடுத்தார்கள். தங்கள் கையில் எதுவும் இல்லாமலே.

வகுப்பில் திரையைப் பயன்படுத்துவது அவரவர் விருப்பம், அவரவர் இழப்பு என்ற வாதத்துக்கு இந்த முடிவு இடம் தரவில்லை. 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் 2022 பீசா ஆய்விலும் இதன் நிழல் தெரிகிறது. அதை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 65 சதவீத மாணவர்கள், சில கணித வகுப்புகளிலாவது தங்கள் சொந்தக் கருவியால் கவனம் சிதறியதாகச் சொன்னார்கள். பக்கத்திலுள்ளவர்களின் கருவியால் சிதறியதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம்.

இயல்பான வகுப்பில் யாரும் எந்தக் கட்டளையும் கொடுக்காதபோது என்ன நடக்கிறது? 2017-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாணவர்களின் ஒப்புதலோடு அவர்களின் இணையப் பயன்பாட்டைப் பதிவு செய்தார்கள். 1 மணி 50 நிமிட வகுப்பில் சராசரியாக 37 நிமிடம் பாடத்துக்குத் தொடர்பில்லாத பக்கங்களில் போயிருந்தது. அந்த நேரம் கூடக்கூட இறுதித் தேர்வு மதிப்பெண் குறைந்தது. படிப்பில் ஆர்வமில்லாதவர்கள்தான் இணையத்தில் மேய்கிறார்கள், மதிப்பெண் குறைவதும் அதனால்தானே என்ற நியாயமான ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பி, ஆர்வத்தையும் முந்தைய திறனையும் கணக்கில் கொண்டு பார்த்தார்கள். தொடர்பு அப்படியே நின்றது.

எது உறுதி, எது இன்னும் ஆட்டத்தில்

இந்தத் துறையில் செய்திகள் வேகமாகப் பரவுகின்றன, திருத்தங்கள் பரவுவதில்லை. ஆகவே மூன்று பிரபலமான கூற்றுகளைப் பற்றி எச்சரிக்கை தேவை.

1. *கைபேசி பக்கத்தில் இருந்தாலே அறிவுத்திறன் குறையும்.* 2017-இல் ஒரு பெரிய ஆய்வு இப்படிச் சொன்னது. பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்கள் சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. உறுதியானது என்று சொல்ல முடியாது. ஆனால் அறிவிப்பு ஒலி வேறு விஷயம்: 2015-இல் நடந்த ஒரு சோதனையில், கைபேசியைத் தொடாமல், ஒலியையோ அதிர்வையோ உணர்ந்ததே கவனச் சோதனையில் பிழைகளைக் கூட்டியது.

2. *பலவேலை செய்பவர்களின் மூளையே மாறிவிடுகிறது.* 2009-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு, பல ஊடகங்களை ஒரே நேரத்தில் பயன்படுத்துபவர்கள் தேவையற்றதை ஒதுக்கத் திணறுகிறார்கள் என்றது. 2017-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது விளைவு மிகச் சிறியதாகவே தெரிந்தது. தவிர, பழக்கம் கவனத்தைக் கெடுத்ததா, சிதறும் கவனம் உள்ளவர்கள் அந்தப் பழக்கத்துக்குப் போனார்களா என்று இவ்வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

3. *கையால் எழுதிய குறிப்பு, தட்டச்சு செய்ததைவிட மேல்.* 2014-இல் புகழ்பெற்ற இந்த முடிவும், 2021-இல் திரும்பச் செய்தபோது தேர்வு மதிப்பெண்ணில் அப்படியே வரவில்லை. மடிக்கணினியின் குறை தட்டச்சில் இல்லை; ஒரே சொடுக்கில் வேறு எங்கும் போகலாம் என்பதில் இருக்கிறது.

தடை பற்றிய ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன?

இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் 91 பள்ளிகளை வைத்து பெலண்ட், மர்ஃபி ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தடைக்குப் பிறகு தேர்வு முடிவுகள் சிறிது உயர்ந்தன. உயர்வு முழுவதும் படிப்பில் பின்தங்கியவர்களிடம்தான் தெரிந்தது. முன்னணி மாணவர்களிடம் மாற்றம் இல்லை. 2020-இல் ஸ்வீடனில் இதே கேள்வியைக் கேட்ட ஆய்வுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. 2025-இல் இங்கிலாந்தில் 30 பள்ளிகளின் 1,227 மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு, கட்டுப்பாடு உள்ள பள்ளி, இல்லாத பள்ளி இரண்டுக்கும் மாணவர் மனநலத்தில் வேறுபாடு இல்லை என்றது.

மேலே பார்த்த அடிப்படையை வைத்து யோசித்தால் இவை ஒன்றையொன்று வெட்டவில்லை என்பது புலப்படும்.

முதலாவது, தடை என்ற ஒரே சொல்லுக்குள் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. பையில் இருக்கலாம், எடுக்கக் கூடாது என்பதும் தடை. காலையில் பூட்டிவைத்து மாலையில் தருவதும் தடை. கவனத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, பின்தங்கியவர்கள் மட்டும் பலன் பெற்றது செயல்நினைவுக் கணக்கோடு பொருந்துகிறது. பாடம் ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவருக்கு அந்த நான்கு இடங்களில் ஒன்றிரண்டு காலியாக இருக்கும். பாடம் புதிதாக இருப்பவருக்கு எல்லா இடமும் நிரம்பியிருக்கும். அவரால்தான் ஓர் இடையூறைக்கூடத் தாங்க முடியாது. கவனச் சிதறலின் சுமை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்கள் மீதுதான் அதிகம் விழுகிறது.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது: அந்த 2025 ஆய்வில், கட்டுப்பாடு உள்ள பள்ளிகளில் பள்ளி நேரப் பயன்பாடு குறைந்தது, ஆனால் ஒரு நாளின் மொத்தப் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பள்ளிக்கு வெளியே, வீட்டில், படிப்பு மேசையில் எல்லாம் முன்போலவே இருந்தது. கற்றதை நிலைப்படுத்தும் வேலையில் பெரும்பகுதி நடப்பதோ அந்த மேசையில்தான். லேரி ரோசன் குழுவினர் 2013-இல் 263 மாணவர்களை அவர்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்திலேயே 15 நிமிடம் கவனித்தபோது, சராசரியாக ஆறு நிமிடத்துக்கும் குறைவாகவே பாடத்தில் தொடர்ந்து இருந்தார்கள். தங்களை யாரோ உட்கார்ந்து கவனிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தும்.

மேசையில் எதை மாற்றலாம்?

மன உறுதியோடு இரு என்ற அறிவுரைக்கு இங்கே பலன் குறைவு. இழப்பு கண்ணுக்குத் தெரியாது. தாவிய கணம் நினைவில் இருக்காது. மறுபுறத்திலோ, அடுத்து என்ன வரும் என்று தெரியாத வகையில் பரிசுகளை அடுக்கி, விரலை நிறுத்தவிடாதபடி வடிவமைத்த கைபேசிச் செயலி (ஆப்). இந்தப் போட்டியில் பதினைந்து வயதுப் பிள்ளையின் உறுதியை மட்டும் நம்பி நிற்பது நியாயமில்லை. ஆஞ்செலா டக்வொர்த்தும் சக ஆய்வாளர்களும் 2016-இல் மாணவர்களிடம் செய்த ஆய்வுகளில், ஆசையை எதிர்த்து நிற்கச் சொல்லப்பட்டவர்களைவிட, ஆசையைத் தூண்டும் பொருளையே முன்கூட்டி அப்புறப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் படிப்பு இலக்கை நன்றாக அடைந்தார்கள். கைபேசியை வேறு அறையில் வைப்பது பலவீனத்தின் அடையாளம் அல்ல, கெட்டிக்காரத்தனம்.

நடைமுறையில் கடினமான இடம், பாடமே கைபேசி வழியாக வருவது. வீட்டுப்பாடம் குழுவில் வருகிறது, காணொளி இணைப்பு அங்கேயே வருகிறது. கருவியை எடுக்காதே என்று சொல்ல முடியாது. அப்போது எடுப்பதையும் படிப்பதையும் இரண்டு தனி வேளைகளாகப் பிரிக்கலாம்: முதல் பத்து நிமிடத்தில் தேவையானதையெல்லாம் இறக்கி அல்லது தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கருவியை அனுப்பிவிட்டுப் படிக்க உட்காரலாம். காணொளியைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு முழுத்திரையில் பார்க்கலாம். ஆசிரியர்களும் வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே எழுதவிட்டால் ஒரு பெரிய வாசல் அடைபடும். செலவில்லாத ஏற்பாடு அது.

கைபேசியைப் பிரிந்திருப்பதே பதற்றமாகும் அளவுக்குப் பழகிய பிள்ளைக்கு ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வேலை செய்யாது. ரோசன் சொன்ன வழி, 15 நிமிடம் படிப்பு, பிறகு ஓரிரு நிமிடம் கைபேசி என்று தொடங்கி, படிப்பு நேரத்தை மெல்ல மெல்ல நீட்டுவது. இடைவேளை வரப்போகிறது என்று தெரிந்தால் நடுவில் எழும் அரிப்பு தணிகிறது. இடைவேளையை ஒரு பகுதி முடியும் இடத்தில் வைப்பது நல்லது. பாதிக் கணக்கில் எழுந்தால் திரும்பி வந்து தேட வேண்டியிருக்கும்.

பிள்ளை இதையெல்லாம் நம்ப மறுத்தால் வாதாட வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு பாடப் பகுதிகளை எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றைக் கைபேசி பக்கத்தில் இருக்க, வழக்கம்போல அரை மணி நேரம் படிக்கட்டும். மற்றொன்றை, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அதே அரை மணி நேரம் படிக்கட்டும். மூன்று நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், இரண்டு வெற்றுத் தாள்களில் இரண்டிலிருந்தும் ஞாபகம் வருவதை எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களே பார்க்கட்டும்.